மாங்காய் மண்டியில் காதில் விழும் பெயர்கள்: வேலூர்ப் பக்கத்து மாம்பழக் கேள்வி பதில்கள்

எங்களுக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு சின்ன மாந்தோப்பு இருக்கிறது. சித்திரை பிறந்ததும் வேலூர், காட்பாடி, சென்னையிலிருந்தெல்லாம் உறவுக்காரர்கள் பிள்ளைகளோடு வந்துவிடுவார்கள். உள்ளறையில் வைக்கோல் பரப்பிப் பழத்தை அடுக்கி வைத்திருப்போம். ஒரு பழத்தைக் கையில் எடுத்த உடனே "இது பேர் என்ன?" என்பார்கள். அப்புறம் "ஏன் அந்தப் பேர்?" என்று வரும். வருடா வருடம் வாயால் சொன்ன பதில்களை இப்போது எழுதி வைக்கிறேன். மாம்பழத்தைப் பொறுத்தவரை பெயர் தெரிந்தவருக்குத்தான் நல்ல பழம் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். மண்டியில் "ரெண்டு கிலோ மாம்பழம் குடுங்க" என்பவருக்கு ஒரு பழம். "காலாபாடி வந்திருக்காண்ணா?" என்று கேட்பவருக்கு வேறு பழம்.

எந்த மாதத்தில் எந்தப் பழத்தைத் தேடலாம்?

மார்கழி, தையில் மரம் பூக்கும். பூ நேரத்தில் மழை பிடித்துக்கொண்டாலோ, சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் சேர்ந்துகொண்டாலோ பூ கருகி உதிர்ந்துவிடும். அந்த வருடம் பழம் குறைவு, விலை அதிகம். தப்பித்து வந்தால் ஏப்ரலிலேயே முதலில் மண்டிக்கு வருவது செந்தூரா. அதன் பின்னால் பங்கனபள்ளி, அல்போன்சா. கத்திரி வெயில் காயும்போது இமாம்பசந்த், ருமானி, காலாபாடி. மல்கோவாவுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எல்லாம் தீர்ந்து, ஆனி மாதம் வானம் மூடிக்கொள்ளும்போது வருவது நீலம். ஆடி வரைக்கும் அதுதான். ஆகவே சித்திரையில் யாராவது "நம்ம குடியாத்தம் தோட்டத்து நீலம்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். இந்தப் பக்கத்து நீலம் அப்போது காயாகத்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

பங்கனபள்ளி, பேனிஷான், சபேதா, சப்பட்டை: இந்த நாலும் ஒன்றா?

ஒன்றேதான். ஆந்திராவில், பழைய கர்னூல் மாவட்டத்தில் இருந்து இப்போது நந்தியால் மாவட்டத்துக்குப் போயிருக்கும் பனகானபள்ளி என்ற ஊரின் பெயர் அது. நவாபுகள் ஆண்ட சின்ன சமஸ்தானம். 2017-ல் அந்தப் பழத்துக்கு ஆந்திரா புவிசார் குறியீடும் வாங்கியது.

பேனிஷான் என்பது பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த சொல்லாட்சி. 'பே' என்றால் இல்லாத, 'நிஷான்' என்றால் அடையாளம், தழும்பு. நன்றாகப் பழுத்த பங்கனபள்ளியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். முதுகிலிருந்து நுனி வரை ஒரே மஞ்சள். சிவப்பு ஏறாது, தோள்பட்டை கறுக்காது, மெழுகு தடவினதுபோல இருக்கும். தழும்பில்லாதது என்று பெயர் வைத்தவர் பழத்தைச் சரியாகப் பார்த்தவர். சபேதா என்றால் வெள்ளை. சப்பட்டை நம்முடைய சொல், பழம் கொஞ்சம் தட்டையாக இருப்பதால் வந்தது. ஒரே பழத்தை ஊர்க்காரர் ஊரைக்கொண்டும், உருது பேசுபவர் தோலைக்கொண்டும், தமிழர் உருவத்தைக்கொண்டும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கிளிமூக்கு, தோத்தாபுரி, பெங்களூரா, கலெக்டர், கல்லாமை: இதில் எது எது?

இதுவும் ஒரே பழம்தான், பெயர்தான் ஐந்து. நுனியில் கிளியின் அலகு மாதிரி வளைந்திருப்பதால் கிளிமூக்கு. இந்தியில் கிளியை 'தோத்தா' என்பார்கள், அதனால் தோத்தாபுரி. பெங்களூரா என்பது ஊரால் வந்தது. ஆந்திரப் பக்கம் இதைக் கலெக்டர் என்பார்கள். தமிழில் கல்லாமை என்றும் ஒரு பெயர் உண்டு.

பச்சையாக இருக்கும்போதே அவ்வளவாகப் புளிக்காது. பள்ளிக்கூட வாசலில் நீளநீளமாகக் கீறி, உப்பு மிளகாய்த்தூள் தூவித் தருகிற மாங்காய் இதுதான். பழுத்தால் இனிப்பு சுமார். ஆனால் மாங்கூழ் ஆலைக்கு இதை விட்டால் வேறு கிடையாது. நார் இல்லை, கெட்டியான சதை, லாரியில் அடுக்கினால் நசுங்காது, மரமும் வருடம் தவறாமல் காய்க்கும். பரதராமி, பேர்ணாம்பட்டுப் பக்கத்து விவசாயிகளுக்குச் சித்தூர்ப் பக்கத்து ஆலைகள் கூப்பிடு தூரம். பாட்டிலில் வரும் மாம்பழ ஜூஸைக் குடிக்கிறவர்கள் பெரும்பாலும் கிளிமூக்கைத்தான் குடிக்கிறார்கள்.

அல்போன்சா என்பது யாராவது ஒருவர் பெயரா?

ஆமாம். அபோன்சோ த அல்புகெர்க் என்ற போர்த்துக்கீசிய ஆளுநரின் பெயர் என்று சொல்வார்கள். 1510-ல் கோவாவைப் பிடித்தவர். கோவாவில் போர்த்துக்கீசியர் ஒட்டுக் கட்டி வளர்த்த ரகங்களில் இது ஒன்று. மராத்தியில் ஹாபூஸ் ஆனது, கர்நாடகத்தில் பாதாமி ஆனது. நம் பக்கம் குண்டு, காதர் என்று சொல்லும் பழமும் இதுவே. "அல்போன்சா விலை கட்டாது, குண்டு வாங்கிக்கிறேன்" என்று ஒரு அம்மா மண்டியில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பெயர் தெரிந்திருந்தால் அவர் பேரம் பேசும் விதமே வேறாக இருந்திருக்கும்.

பசந்த் என்று முடிகிற பெயர்களுக்கு என்ன அர்த்தம்?

'பசந்த்' என்றால் விருப்பமானது. இமாம்பசந்த் என்றால் இமாமுக்குப் பிடித்தது. ஹிமாயுதீன் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. தில்பசந்த் என்றால் மனசுக்குப் பிடித்தது. இமாம்பசந்தை நான் தனியாகச் சொல்லவேண்டும். வெளியே பச்சை மாறாது, அதைப் பார்த்து இன்னும் காய் என்று ஒதுக்குகிறவர்கள் ஏராளம். விரலால் லேசாக அழுத்தினால் உள்ளே நெகிழும். அப்போது அறுக்க வேண்டும். தோல் அவ்வளவு மெல்லிசு, கொட்டை சின்னது, மிச்சமெல்லாம் சதை. கிலோவுக்கு இரண்டு பழம் நிற்கும். மல்கோவா பிடித்தவர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி, என் ஓட்டு இமாம்பசந்துக்கே.

ஒரு கீறல்கூட இல்லாத நீலம் பழத்துக்குள் வண்டு எப்படிப் போனது?

பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கேட்பது. அறுத்தால் கொட்டையிலிருந்து கறுப்பாக ஒரு வண்டு நடந்து வரும். தோலில் ஓட்டையே இருக்காது.

அது வெளியிலிருந்து பழத்துக்குள் போகவில்லை. பழம் இன்னும் பிஞ்சாக, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போதே தாய் வண்டு தோல்மேல் முட்டை வைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழு நூல் கனத்தில்தான் இருக்கும். இளசான சதையைத் துளைத்து நேராகக் கொட்டைக்குள் போய்விடும். பிஞ்சு பெரிதாகப் பெரிதாக அந்த வழி மூடி ஆறிவிடும். உள்ளே பருப்பைத் தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகிறது. நாம் அறுக்கும் நேரம் அது வெளியே வரக் காத்திருக்கிற நேரம். பெரும்பாலும் சதையைத் தொடுவதே இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம். நீலத்தில் இந்தத் தொல்லை அதிகம். மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழத்தையும் கொட்டையையும் பொறுக்கி அழித்தால் அடுத்த வருடம் குறையும். அதைச் செய்யாத தோப்பில் எந்த மருந்து அடித்தும் பெரிய பலன் இல்லை.

பெயர் நீலம், பழம் மஞ்சள். ஏன்?

தமிழில் நீலம் நிறத்தையும் குறிக்கும், நீலக்கல்லையும் குறிக்கும். பழத்தில் அந்த நிறத்தைத் தேட வேண்டாம். வாசத்தைத் தேடுங்கள். நாலு நீலம் பழுத்தால் தெருவுக்கே தெரியும்.

மா என்பதுதானே மரம். மாங்காயில் 'ங்', மாம்பழத்தில் 'ம்' எங்கிருந்து வந்தது?

மரப்பெயருக்குப் பின்னால் வல்லெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால், அந்த வல்லெழுத்துக்கு இனமான மெல்லெழுத்து நடுவில் தோன்றுவதுண்டு. க வந்தால் ங், ப வந்தால் ம், த வந்தால் ந். மா + காய் மாங்காய், மா + பழம் மாம்பழம், மா + தோப்பு மாந்தோப்பு, மா + தளிர் மாந்தளிர். விளா + காய் விளாங்காய் ஆவதும் இப்படித்தான். மாங்காடு என்ற ஊர்ப்பெயரும் இதே வாய்ப்பாடு. நாம் மாமரம் என்று சொல்லும்போது ம வல்லெழுத்து இல்லை, அதனால் நடுவில் ஒன்றும் வருவதில்லை. மாவிலை என்பது மா + இலை, பின்னால் வருவது உயிரெழுத்து, அதனால் இரண்டையும் சேர்க்க வ் மட்டும் நடுவில் வரும். இலக்கணம் படிக்காத எங்கள் ஆயா இந்த விதியை ஒருநாளும் தவறவிட்டதில்லை. நாக்குக்கு எது சுலபமோ அதைத்தான் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறது.

மா என்ற ஒரு எழுத்துக்கு வேறு பொருள்களும் உண்டு. விலங்கு, குதிரை, பெரிய, அரைத்த மாவு. கணக்கில் இருபதில் ஒரு பங்கு. தஞ்சைப் பக்கம் நிலத்தை மா கணக்கில் சொல்வார்கள், இருபது மா ஒரு வேலி. அங்கே ஒருவர் "அஞ்சு மா வச்சிருக்கேன்" என்றால் நிலம். இங்கே அதையே சொன்னால் மரமா என்று கேட்போம்.

பழைய நூல்களில் மாமரத்துக்குச் சூதம், ஆமிரம், கொக்கு என்ற பெயர்களும் இருக்கின்றன. கொக்கு என்றதும் பறவைதான் நினைவுக்கு வரும். சூரபதுமன் கடலில் மாமரமாக நின்ற கதையைச் சொல்லும் இடங்களில் கொக்கு என்று வந்தால் அது மரம். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் பெயரிலும் மாமரம் ஒளிந்திருக்கிறது. ஏகாம்ரநாதர் என்பதுதான் மூலம். ஏக ஆம்ரம் என்றால் ஒற்றை மாமரம்.

பள்ளிக்கூடத்தில் படித்த தேமா, புளிமா மாம்பழமா?

ஆமாம், மாம்பழமேதான். செய்யுளின் சீர்களை நினைவில் வைக்க இலக்கணக்காரர்கள் எடுத்த வாய்பாட்டுச் சொற்கள் அவை. தேமா என்றால் தித்திக்கும் மா, புளிமா என்றால் புளிக்கும் மா. நேர் நேர் வந்தால் தேமா, நிரை நேர் வந்தால் புளிமா. கூடவே கருவிளம், கூவிளம் என்று விளாவும் வில்வமும் வரும். மூன்றசை ஆனால் தேமாங்காய், புளிமாங்காய், தேமாங்கனி, புளிமாங்கனி. ஒரு மொழியின் யாப்பையே மாமரத்தடியில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்கு நான் மண்டிப் பெயர்களையே அசை பிரிக்கக் கொடுப்பேன். நீ/லம் நேர் நேர், தேமா. ரு/மா/னி என்று முதலில் பிரித்துவிடுவார்கள். 'ருமா' குறிலும் நெடிலும் சேர்ந்த நிரை, 'னி' நேர், ஆகவே புளிமா. பழம் என்னவோ ஆப்பிள் மாதிரி உருண்டு, நல்ல இனிப்பு. மல்/கோ/வா, செந்/தூ/ரா இரண்டும் தேமாங்காய். பெங்/களூ/ரா கூவிளங்காய். இமாம்/பசந்த் கருவிளம். கா/லா/பா/டி நாலும் நேர், தேமாந்தண்பூ. ஒருநாள் மத்தியானம் இப்படிப் பிரித்துப் பார்த்த பிள்ளைக்கு வாய்பாடு மறக்காது.

வடு, பிஞ்சு, காய், செங்காய்: வித்தியாசம் என்ன?

மாம்பிஞ்சுக்குத் தமிழில் தனிப்பெயர் வடு. அதனால்தான் வடுமாங்காய், மாவடு. ஒவ்வொரு மரத்தின் பிஞ்சுக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு. பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னை பனைக்குக் குரும்பை, எள்ளுக்குக் கவ்வை. இதையெல்லாம் வரிசையாகத் தொகுத்துக் காட்டியவர் தேவநேயப் பாவாணர். அவர் சின்ன வயதில் அக்காள் வீட்டில் வளர்ந்து பள்ளிக்கூடம் படித்தது நம் ஆம்பூரில். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு ஆம்பூர் மலையடிவாரத்து மரங்கள்தான் கண்ணில் வரும்.

வடுவுக்கு அடுத்தது காய். கொட்டை இறுகி, சதை மஞ்சளாகத் தொடங்கி, புளிப்பும் இனிப்பும் பாதிப்பாதியாக இருப்பது செங்காய். அதுதான் பச்சடிக்கும் மாங்காய்ச் சாதத்துக்கும் சரியான பக்குவம். முற்றாமலே வெயிலில் வாடி மஞ்சளாவது வெம்பல். வெளியே பழம்போல் தெரியும், வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும்.

ஆங்கிலத்தின் மேங்கோ நம் மாங்காயிலிருந்து போனதா?

நம் வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் என்று சொல்வது சரி. 1498-ல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கியது கோழிக்கோட்டுப் பக்கம். மாங்காயை மலையாளத்தில் மாங்ங என்பார்கள். அது போர்த்துக்கீசியத்தில் மங்கா ஆகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் வேர் ஒன்றுதான். 1753-ல் லின்னேயஸ் வைத்த தாவரப் பெயர் மேஞ்சிஃபெரா இண்டிகா. மாங்காய் தாங்கும் இந்திய மரம் என்று அர்த்தம்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. கப்பலில் பழம் தாங்காது என்பதால் அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்குப் போனது ஊறுகாய்தான். அதனால் அங்கே மேங்கோ என்ற சொல்லே ஊறுகாய் என்ற பொருளில் கொஞ்ச காலம் வழங்கியது. வெள்ளரிக்காயையும் குடைமிளகாயையும் ஊறப்போட்டு அதற்கும் மேங்கோ என்றே பெயர் வைத்தார்கள்.

நம் ஊர் மண்டியில் ஏன் இத்தனை தெலுங்கு, உருதுப் பெயர்கள்?

நம் ஊரின் சரித்திரமே அப்படி. சித்தூர் 1911 வரை வடஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த வருடம் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடு போட்டுப் பிரித்தாலும் மாமரத்துக்கு அது தெரியாது. பரதராமியிலிருந்து சித்தூர்வரை ஒரே தோப்புத் தொடர். கூலிக்கு வருபவர், குத்தகை எடுப்பவர், லாரி ஓட்டுபவர் எல்லாரும் இரண்டு பாஷையும் பேசுவார்கள். உருது, ஆற்காடு நவாபுகள் காலத்திலிருந்து இங்கே வீட்டுப் பாஷை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எங்கேயும் கேட்கலாம். 1989-ல் வடஆற்காடு இரண்டானது, 2019-ல் வேலூர் மறுபடி மூன்றானது. மண்டியில் மட்டும் இன்னும் பழைய மாவட்டம் அப்படியே இருக்கிறது. மாமிடி என்று தெலுங்கிலும், ஆம் என்று உருதுவிலும், மாங்கா என்று தமிழிலும் ஒரே கூடையை ஒரே நேரத்தில் விலை பேசுவார்கள்.

இந்தியில் ஆம் என்றால் மாம்பழம். அப்படியானால் ஆம்பூர் மாம்பழ ஊரா?

இல்லை. ஆம்பூரில் பல்லவர் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பழைய ஊர். இந்திச் சொல்லை வைத்துப் பெயர் வைக்க அப்போது இங்கே யாரும் இல்லை.

திருவலத்தில்தான் பிள்ளையாருக்கு மாம்பழம் கிடைத்ததாமே?

தலபுராணக் கதை அப்படித்தான் சொல்கிறது. நாரதர் கொண்டுவந்த பழத்துக்காக முருகன் மயிலேறி உலகத்தைச் சுற்றப் போனார். பிள்ளையார் அப்பா அம்மாவை வலம் வந்து பழத்தை வாங்கிக்கொண்டார். அவர் வலம் வந்த இடம் திருவலம் என்பார்கள். காட்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவே பொன்னையாற்றங்கரையில் இருக்கும் வில்வநாதேஸ்வரர் கோயிலில் கனி வாங்கிய பிள்ளையார் இருக்கிறார். தேவாரத்தில் ஊர்ப்பெயர் வல்லம். வல்லம் வலம் ஆனதும், வலம் என்ற சொல்லைச் சுற்றி மாம்பழக் கதை வளர்ந்ததும் ஊர் ஜனங்களின் அன்பு. பக்கத்திலேயே இன்னொரு மாம்பழக் கதை உண்டு. கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றை அடியாருக்குப் படைத்த காரைக்கால் அம்மையார் கடைசியில் வந்து சேர்ந்த திருவாலங்காடு, அரக்கோணத்திலிருந்து கொஞ்ச தூரம்தான்.

மாங்காய் தின்ற பெண்ணைக் கொன்ற நன்னன் செங்கத்து நன்னனா?

பழைய வடஆற்காட்டுக்காரர்கள் வருத்தத்தோடு கேட்கும் கேள்வி. அவர் வேறு, இவர் வேறு.

குறுந்தொகையின் 292-ஆம் பாட்டில் பரணர் சொல்லும் செய்தி அது. ஆற்றில் குளிக்கப் போன பெண், தண்ணீரில் மிதந்து வந்த ஒரு பச்சை மாங்காயைத் தின்றுவிட்டாள். அது நன்னனின் காவல் மரத்துக் காய். அவள் எடைக்குப் பொன் பாவையும், எண்பத்தொரு யானையும் தருகிறோம் என்று வீட்டார் கெஞ்சினார்கள். அவன் கேட்கவில்லை, கொன்றுவிட்டான். பெண்கொலை புரிந்த நன்னன் என்று அன்றிலிருந்து அவனுக்குப் பெயர். அந்த நன்னன் மேற்குக் கரையில், இன்றைய கண்ணூர்ப் பக்கத்து ஏழில்மலையை ஆண்டவன். மலைபடுகடாம் பாடும் செங்கண்மாத்து நன்னன் சேய் நன்னன், இப்போது செங்கம் என்று நாம் சொல்லும் ஊரின் தலைவன். கூத்தருக்கு வாரிக்கொடுத்தவன். ஒரே பெயர் இருந்ததால் நல்லவன் தலையில் பழி விழக்கூடாது.

கடையில் வாங்கிய நல்ல பழத்தின் கொட்டையைப் போட்டால் அதே பழம் வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டைக்குள் ஒரே ஒரு கரு இருக்கும். அது தாய் மரமும், மகரந்தம் கொடுத்த மரமும் கலந்த பிள்ளை. எப்படிப் பழுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒட்டு. நாட்டுக் கொட்டையில் முளைத்த கன்றோடு நமக்கு வேண்டிய மரத்தின் கிளையைச் சீவிக் கட்டி ஒன்றாக்குவது. நெருக்கு ஒட்டு, மென்தண்டு ஒட்டு என்று முறைகள் உண்டு. ஒட்டு மாங்காய் என்று தனியாக ஒரு ரகம் கிடையாது, ஒட்டிய மரத்தின் காய் எல்லாம் ஒட்டு மாங்காய்தான்.

ஒட்டுக் கன்று வாங்கும்போது கவனமாக இருங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அப்பா ஒரு நாற்றுப்பண்ணையில் மல்கோவா என்று சொல்லி இருபது கன்று வாங்கிவந்து நட்டார். கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். பூத்த முதல் வருடம் பூவைக் கிள்ளிவிட்டு, மரம் தேறட்டும் என்று காத்திருந்தார். நாலாவது வருடம் காய் விட்டார். ஒருநாள் காலையில் தோப்புக்குப் போனவர் ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உருண்டையாக இருக்க வேண்டிய காய் நீண்டிருந்தது. கட்டைவிரலால் நுனியைத் தடவித் தடவிப் பார்த்தார். அங்கே அலகு வளைந்திருந்தது. இருபதும் கிளிமூக்கு. அப்பா யாரையும் திட்டவில்லை, வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. அடுத்த மழைக்கு ஏழெட்டு மரத்தின் கிளைகளை வெட்டிவிட்டு, புதிதாகத் துளிர்த்த கொம்புகளில் பங்காளி தோப்பு மல்கோவாவை மேல் ஒட்டுக் கட்டினோம். அவை இன்றும் காய்க்கின்றன.

முடிந்தால் தாய்மரத்தைக் காய்ப்புக் காலத்தில் நேரில் பாருங்கள். ஒட்டுப் போட்ட இடம் தெளிவாகத் தெரிய வேண்டும், நடும்போது அது மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிட வேண்டும். விட்டால் நாட்டு மரம் ஏறி, ஒட்டு பட்டுப்போகும்.

"கல்லு வச்ச பழம்" என்கிறார்களே, எந்தக் கல்?

கால்சியம் கார்பைட். ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு வரும், காய் மஞ்சளாகும். அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால் பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்தச் சட்டப்படி தடை. எத்திலின் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு, காரணம் அது பழமே தானாக விடும் வாயு. வைக்கோலில் மூடுவதன் ரகசியமும் அதுதான். பழம் விடும் எத்திலினும் சூடும் வெளியே போகாமல் தங்கும், நாலைந்து நாளில் பழுத்துவிடும். முற்றிய காயாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடை முழுக்க ஒரே மஞ்சள், கிட்டே போனாலும் வாசமில்லை, காம்படி இன்னும் கல்லாக இருக்கிறது என்றால் தள்ளிப் போய்விடுங்கள்.

மாங்காய்ப்பால் பட்டு உதடு வெந்துபோவது ஏன்?

மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். மூன்றின் பாலும் தோலைப் பொசுக்கும். பறிக்கும்போது கொஞ்சம் காம்போடு பறித்து, காம்பைக் கிள்ளிக் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். தின்னும் முன் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

மாங்காய் மாலை, மாங்காய் பார்டர் எல்லாம் இந்த மாங்காய்தானா?

இதேதான். ஆரணிப் பட்டில் கரையோரம் வளைந்த நுனியோடு வரிசையாக நிற்பது மாங்காய். இதே வடிவத்தை ஆங்கிலத்தில் பெய்ஸ்லி என்பார்கள். சால்வை நெய்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர் அது. மாங்காய் இஞ்சி மட்டும் மாங்காய் இல்லை. மஞ்சள் இனத்துக் கிழங்கு, வாசத்தால் வந்த பெயர்.

மாதா ஊட்டாத சோற்றை மாங்காய் ஊட்டும் என்பதற்கு என்ன பொருள்?

அம்மா கெஞ்சியும் இறங்காத சோறு, ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய் இருந்தால் இறங்கிவிடும். ஜுரம் விட்ட பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அந்த வேலையை ஆவக்காய் செய்யும். தெலுங்கில் 'ஆவ' என்றால் கடுகு. கடுகுப்பொடி போட்ட காய் ஆவக்காய்.

வீட்டுக்கு முன்னால் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம். எதை வைப்பது?

மல்கோவா, பங்கனபள்ளி ஒரு வருடம் காய்த்தால் அடுத்த வருடம் ஓய்வெடுக்கும். ஒரே மரம் என்றால் அது ஏமாற்றம். நீலம் தவறாமல் காய்க்கும். இடம் ரொம்பச் சின்னது என்றால் ஆம்ரபாலி. வடநாட்டுத் தசேரியையும் நம் நீலத்தையும் சேர்த்து டெல்லியில் உருவாக்கிய குட்டை மரம், இரண்டரை மீட்டர் இடைவெளியில்கூட நடுவார்கள். வைசாலி நகரத்தில் மாமரத்தடியில் கண்டெடுக்கப்பட்டு, பிற்காலத்தில் புத்தருக்குத் தன் மாந்தோப்பையே கொடுத்த பெண்ணின் பெயர் அது. ஆடி மழை விழுந்ததும் குழி எடுங்கள். மூன்றடிக்கு மூன்றடி, மேல்மண்ணோடு மக்கிய எரு கலந்து. முதல் இரண்டு வருடம் பூவைக் கிள்ளிவிட மனசு வராது, கிள்ளிவிடுங்கள்.